எஃப்.பி.எஸ். 70 காட்டியும் கேம் ஏன் திக்குகிறது?

உறவிலும் நட்பிலும் யார் கம்ப்யூட்டரில் கேம் திக்கினாலும் கடைசியில் அது என்னிடம்தான் வந்து நிற்கும். வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது கிராஃபிக்ஸ் கார்டின் பேரையும் ரேம் அளவையும். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவிட்டு நான் கேட்பது, "எப்போ திக்குது?" புது இடத்துக்குள் நுழையும்போதா, கூட்டமான சண்டையிலா, அரை மணி நேரம் ஆடிய பிறகா, ஆன்லைனில் ஆடும்போது மட்டுமா? இதற்குச் சரியான பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எதை மாற்ற வேண்டும் என்பதை அந்த நேரமே காட்டிக்கொடுத்துவிடும். அது தெரியாமல் கண்ணில் பட்ட செட்டிங்கை எல்லாம் குறைத்துக்கொண்டே போனால் படம்தான் அசிங்கமாகும், திக்கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆன்லைன் கதையை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். தனியாக ஆடும்போது வழுக்கிக்கொண்டு ஓடும் கேம், ஆன்லைனில் மட்டும் ஆளைப் பின்னால் இழுத்து இழுத்துவிட்டால் அது நெட்வொர்க் கோளாறு. அதற்குக் கிராஃபிக்ஸ் மெனுவைத் திறக்கவே வேண்டாம். வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும்.

மற்றவை அவ்வளவு சுலபம் இல்லை. அக்கா மகன் கொண்டுவந்த லேப்டாப்பையே எடுத்துக்கொள்வோம். 144 ஹெர்ட்ஸ் திரை, 4 ஜிபி மெமரி உள்ள கிராஃபிக்ஸ் சிப், பெரிய நகரம் ஒன்றில் சுற்றித் திரிகிற மாதிரியான கேம். "மாமா, எழுபது எஃப்.பி.எஸ். காட்டுது. ஆனா வெட்டி வெட்டி ஓடுது. ஒண்ணுமே புரியல" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. எஃப்.பி.எஸ். என்பது ஒரு விநாடியில் கேம் வரைந்து தரும் படங்களின், அதாவது ஃப்ரேம்களின் எண்ணிக்கை. திரையின் மூலையில் 70 என்றுதான் இருந்தது. வண்டியை வேறு தெருவுக்குள் திருப்பினால் ஒரு கணம் உறைந்து நின்று பிறகு ஓடியதும் உண்மை.

இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு விநாடிக்கு 1000 மில்லி விநாடி. 70 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 14 மில்லி விநாடி. ஆனால் 69 ஃப்ரேம்கள் ஆளுக்கு 13 மில்லி விநாடியில் வந்துவிட்டு, மீதியுள்ள ஒன்று மட்டும் 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டாலும் மொத்தம் ஒரு விநாடிதான் ஆகும். எண்ணுகிற மீட்டர் அப்போதும் 70 என்றே காட்டும். கண்ணுக்கு மட்டும் அந்த ஒரு ஃப்ரேம் முள்ளாகக் குத்தும். அதனால் எஃப்.பி.எஸ். எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. பார்க்க வேண்டியது ஃப்ரேம் டைம் கிராஃப், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டும் கோடு. அதோடு 1 சதவீத லோ என்று ஓர் எண் இருக்கும். மிக மெதுவாக வந்த ஃப்ரேம்கள் எந்த லட்சணத்தில் இருந்தன என்பதை அது சொல்லும்.

இதைப் பார்க்க எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போதும். அதோடு சேர்ந்தே வரும் ரிவாட்யூனர்தான் எண்களைத் திரையில் எழுதுகிறது. இரண்டும் இலவசம், எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். நான் போட்டுவைப்பது இவ்வளவுதான்: ஃப்ரேம் டைம் கிராஃப், ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, அதற்கென்றே உள்ள வீடியோ மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, சிபியு (ப்ராசஸர்), ஜிபியு இரண்டின் சூடும் வேகமும். ஒன்றும் நிறுவ மனமில்லை என்றால் விண்டோஸில் விண்டோஸ் கீயோடு ஜி அழுத்தினால் வரும் கேம் பாரிலேயே சிபியு, ஜிபியு, ரேம் அளவுகள் தெரியும். ஆனால் திக்கலுக்குக் காரணம் தேட அது பற்றாது.

அவன் லேப்டாப்பில் கிராஃபை ஓடவிட்டு நகரத்தைச் சுற்றினோம். நேராகப் போகும்வரை கோடு 14-ஐ ஒட்டிப் படுத்தே கிடந்தது. தெரு மாறியதும் ஊசி மாதிரி ஒரு கோடு எழும்பி இறங்கியது. அடுத்த திருப்பத்தில் இன்னொரு ஊசி. பக்கத்திலேயே வீடியோ மெமரி 4 ஜிபியைத் தொட்டபடி அசையாமல் நின்றது. இவ்வளவுதான், ஆள் மாட்டிக்கொண்டான். டெக்ஸ்சரை, அதாவது சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டப்படும் படங்களின் தரத்தை, பையன் அல்ட்ராவில் வைத்திருந்தான். 'டெக்ஸ்சரைக் கூட்டினால் எஃப்.பி.எஸ். குறையாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு வைத்தது.

அந்தப் பேச்சு பாதி உண்மை. வீடியோ மெமரியில் இடம் இருக்கும்வரை டெக்ஸ்சர் கிட்டத்தட்ட இலவசம். அதற்கு மேல் போனால் மிச்சத்தைச் சாதாரண ரேமில் வைத்து, தேவைப்படும்போது ஜிபியுவை மற்ற பாகங்களோடு இணைக்கும் பிசிஐ வழியாக இழுத்துவர வேண்டும். வீடியோ மெமரியின் வேகத்தோடு ஒப்பிட்டால் அது மாட்டு வண்டிப் பாதை. புதுத் தெருவுக்குள் நுழைந்ததும் புதுச் சுவர், புதுக் கடை, புதுப் பலகை எல்லாம் அந்த வழியாகத்தான் வந்து சேர வேண்டும். டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கி, கேமை மூடித் திறந்தோம். சராசரி 70-லிருந்து 71 ஆனது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஊசிகள் காணாமல் போயிருந்தன. "இப்ப நல்லாருக்கு மாமா. ஆனா நம்பர் மாறவே இல்லையே?" என்று அவனே கேட்டான்.

சரி, மெனுவில் மற்றவை எப்படி? என் அனுபவத்தில் ஜிபியுவை அதிகம் வதைப்பது, ஒளி போகும் வழியையே கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங். கார்டு வலுவாக இல்லாவிட்டால் யோசிக்காமல் அணைத்துவிடலாம். அடுத்து ஷேடோ, வால்யூமெட்ரிக் என்ற பெயரில் வரும் மூடுபனியும் மேகமும், ரிஃப்ளெக்‌ஷன், மூலை முடுக்குகளில் மெல்லிய நிழல் போடும் ஆம்பியன்ட் ஒக்ளூஷன். இவற்றை அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்குக் கொண்டுவந்தால் படத்தில் வித்தியாசம் தேடித்தான் பார்க்க வேண்டும், ஆனால் வேகத்தில் நன்றாகவே தெரியும். பல கேம்களில் 'அல்ட்ரா' என்பது படம் பிடித்துக் காட்டத்தான், ஆடுவதற்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் 16 எக்ஸில் தாராளமாக இருக்கலாம், இன்றைய கார்டுகளுக்கு அது சுமையே இல்லை. தரையும் சாலையும் தூரத்தில் மங்காமல் இருக்கும். மோஷன் ப்ளர் அவரவர் விருப்பம். எனக்குத் தலை சுற்றும், முதல் வேலையாக அணைத்துவிடுவேன்.

அக்கா மகன் லேப்டாப்பில் ஷேடோவையும் மூடுபனியையும் இறக்கியதும் சராசரி 90-ஐத் தொட்டது. அங்கே நிறுத்தாமல் வேண்டுமென்றே 72-க்குக் குறைத்துப் பூட்டிவைத்தேன். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் கிடைத்த 18 ஃப்ரேமை எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்?

காரணம் இருக்கிறது. திரை 144 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 144 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வி-சிங்க் (திரை புதுப்பிக்கும் நேரத்தோடு ஃப்ரேமைப் பொருத்தும் வசதி) போட்டு 72-இல் நிறுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு முறை திரையில் தெரியும். நடை ஒரே சீராக இருக்கும். 60-இல் நிறுத்தினால் கணக்கு 2.4 என்று வரும். சில ஃப்ரேம் இரண்டு முறையும் சில ஃப்ரேம் மூன்று முறையுமாக வந்து, கேமராவை மெதுவாகத் திருப்பும்போது ஒரு நடுக்கம் தெரியும். கட்டுப்பாடே இல்லாமல் 75-க்கும் 100-க்கும் இடையில் ஆடவிட்டாலும் இதே கதிதான். 120 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர்கள் 40-இல் நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் மூன்று முறை. கேட்பதற்குக் குறைவு, பார்ப்பதற்கு 50-க்கும் 60-க்கும் நடுவே தள்ளாடும் படத்தைவிட நன்றாகவே இருக்கும்.

ஜி-சிங்க்கோ ஃப்ரீசிங்க்கோ உள்ள திரை என்றால் இந்த வகுத்தல் கணக்கே வேண்டாம். ஃப்ரேம் வரும்போது திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அங்கே செய்ய வேண்டியது, திரையின் உச்ச வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, 144-க்கு 141 என்கிற மாதிரி, ஓர் எல்லை போடுவதுதான். இந்த வசதி இல்லாத 60 ஹெர்ட்ஸ் திரையில் பழைய வகை வி-சிங்க் இன்னொரு தொல்லை தரும். ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடிக்குள் வராமல் 17 ஆகிவிட்டால், அடுத்த முறைவரை காத்திருந்து 33.3-இல்தான் தெரியும். 60-ஐ மயிரிழையில் தவறவிடுகிற கம்ப்யூட்டர் சட்டென்று 30-க்கு விழுவது இதனால்தான். 60 கிடைக்கும் அளவுக்கு இன்னும் ஒன்றிரண்டு செட்டிங்கை இறக்குங்கள், அல்லது 30-இல் பூட்டிவிடுங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

திரையைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி 60-இல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போனால் இப்போது எந்த வேகத்தில் ஓடுகிறது என்று தெரியும், அங்கேயே மாற்றலாம். பெரிய எண் பட்டியலிலேயே இல்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கூடவே கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கிராஃபிக்ஸ் கார்டிலா? மதர்போர்டில் என்றால் பெரும்பாலும் ப்ராசஸரோடு வரும் சின்ன ஜிபியுதான் படம் வரைந்துகொண்டிருக்கும். லேப்டாப்பில் இதே கோளாறு வேறு உருவத்தில் வரும். டிஸ்ப்ளே பக்கத்திலேயே உள்ள கிராஃபிக்ஸ் என்ற பகுதியில் அந்த கேமைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று கொடுத்துவிடுங்கள். சார்ஜரைச் செருகாமல் ஆடினால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது, பேட்டரியால் அவ்வளவு மின்சாரம் தர முடியாது.

கூட்டமான சண்டையில் மட்டும் திக்குகிறது என்பவர்களுக்கு வேறு பரிசோதனை. ரெசல்யூஷனை அடிமட்டத்துக்கு இறக்கி அதே இடத்தில் நில்லுங்கள். எஃப்.பி.எஸ். எகிறினால் ஜிபியு திணறியிருக்கிறது. ஏறவே இல்லை என்றால் சிபியுதான் இழுத்துப் பிடிக்கிறது. அங்கே ஷேடோவையும் டெக்ஸ்சரையும் குறைப்பதில் பெரிய பலன் இராது. கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம்வரை பொருள்கள் தெரிய வேண்டும், ஃபீல்ட் ஆஃப் வியூ (பார்வை எவ்வளவு அகலம் என்பது), இந்த மூன்றைத் தொட வேண்டும். "டாஸ்க் மேனேஜரில் சிபியு 30 சதவீதம்தானே காட்டுது?" என்று கேட்பார்கள். 16 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு திரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம்தான். கேமின் முக்கிய வேலை அந்த ஒரு திரெட்டில் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

சிபியு பக்கம் கை கொடுக்கிற ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. டெஸ்க்டாப்பில் 3200 என்று எழுதிய டிடிஆர்4 ரேமைப் போட்டாலும், பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங் மெனு) ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்யாதவரை அது பெரும்பாலும் 2133-இலோ 2666-இலோதான் ஓடும். ஏ.எம்.டி. டிடிஆர்5 போர்டுகளில் இதே வேலையை எக்ஸ்போ என்ற பெயரில் பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் எழுதியிருக்கும், சரிபார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆன் செய்த பிறகு கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனால் ஒரு படி குறைத்து வையுங்கள். ஒரே ஒரு ரேம் குச்சி இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது இன்னும் பெரிய மாற்றம் தரும், ரேமுக்குப் போகும் இரண்டு பாதைகளும், அதாவது இரண்டு சேனலும், வேலை செய்யும். தனி கார்டு இல்லாமல் ப்ராசஸரின் ஜிபியுவிலேயே ஆடுபவர்களுக்கு இது கட்டாயம், அந்த ஜிபியு நம்பியிருப்பது சாதாரண ரேமைத்தான். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சியையும் பக்கத்துப் பக்கத்தில் சொருகாமல், பெரும்பாலான போர்டுகளில் உள்ளபடி ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

இனி சூடு. ஆரம்பத்தில் நன்றாக ஓடி, நேரம் போகப் போக வேகம் சரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். சிபியு 95, 100 டிகிரி பக்கம் போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கிராஃபில் சூடு உச்சத்தில் நிற்க, வேகம் படிப்படியாக இறங்குவது அப்பட்டமாகத் தெரியும். லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவைத்தாலே அடியில் காற்று போக வழி கிடைக்கும். மெத்தைமேல் வைத்து ஆடுகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை, சொல்லியும் பயனில்லை. தூசியை ஊதி எடுக்கும்போது ஃபேன் இறக்கையை விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெட்டுப்போகும்.

சுத்தம் செய்த பிறகும் கொதிக்கிற லேப்டாப்புக்கு ஒரு சின்ன வித்தை உண்டு. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட் என்று போனால், மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100 சதவீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான ப்ராசஸர்களில் இது டர்போ பூஸ்ட்டையே, அதாவது வழக்கத்துக்கு மேல் வேகம் எடுப்பதையே, நிறுத்திவிடும். சூடு மளமளவென்று இறங்கும். உச்ச வேகம் கொஞ்சம் போகும், அதற்குப் பதில் ஜிபியுவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்து மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடும். சில புது லேப்டாப்களில் இந்த வரியே மறைந்திருக்கும். அங்கே எஃப்.பி.எஸ். எல்லை போடுவதும் சூட்டைக் குறைக்கும். தேவைக்கு மேல் ஃப்ரேம் வரையாவிட்டால் அந்த அளவுக்கு மின்சாரமும் சூடும் மிச்சம்தானே.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் இவற்றைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. கேமைச் சின்ன அளவில் வரைந்து திரை அளவுக்குப் பெரிதாக்கித் தருகிற வேலைதான் மூன்றும் செய்கின்றன. 4கே திரையில் 'குவாலிட்டி' போட்டால் உள்ளே வரைவது பெரும்பாலும் 2560-க்கு 1440. அங்கே அது அருமை, நான் எப்போதும் ஆன் செய்துவிடுவேன். 1920-க்கு 1080 திரையில் அதே குவாலிட்டி உள்ளே 1280-க்கு 720 ஆகிவிடும், 'பெர்ஃபார்மன்ஸ்' போட்டால் 960-க்கு 540. தலைமுடியும் இலையும் கம்பிவேலியும் கொசகொசவென்று தெரிய ஆரம்பிக்கும். 1080 திரைக்காரர்கள் முதலில் ஷேடோவை இறக்கிப் பார்த்துவிட்டு, பற்றாவிட்டால் மட்டும் இதற்கு வரலாம். சிபியு இழுத்துப் பிடிக்கிற இடத்தில் இவை உதவாது. ஃப்ரேம் ஜெனரேஷன் நடுவில் புது ஃப்ரேமைச் செய்து நுழைக்கிறது, அதனால் எண் பெரிதாகத் தெரியும். ஆனால் மவுஸுக்கும் திரைக்கும் இடையே உள்ள தாமதம் குறையாது, கொஞ்சம் கூடவும் செய்யும். அது இல்லாமலே 60 வருகிற கம்ப்யூட்டரில்தான் நான் அதைத் தொடுவேன்.

புது கேமைத் திறந்த முதல் ஒரு மணி நேரம் மட்டும் திக்கி, பிறகு சரியாகிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் இது சகஜம். ஒவ்வொரு வெடிப்பையும் வெளிச்சத்தையும் முதல்முறை காட்டும்போது அதற்கான ஷேடரை (அதை எப்படி வரைவது என்று ஜிபியுவுக்குச் சொல்லும் சின்ன புரோகிராம்) உங்கள் கார்டுக்கு ஏற்றபடி தயார் செய்து சேமித்துக்கொள்கிறது. தொடக்கத்தில் 'ஷேடர் தயாராகிறது' என்று ஒரு கோடு ஓடினால் பொறுமையாக முடியவிடுங்கள். டிரைவரைப் புதுப்பித்தால் அந்தச் சேமிப்பு செல்லாமல் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வாரம் ஒருமுறை டிஸ்க் கிளீனப் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள், டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ் என்ற டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

பின்னணியில் ஓடுபவற்றில் உண்மையிலேயே இடைஞ்சல் தருவது ஆடுவதை எல்லாம் தானாகப் பதிவுசெய்துகொண்டே இருக்கும் வசதி. விண்டோஸ் கேமிங் செட்டிங்ஸில் கேப்சர்ஸ் பகுதியில் அதை அணைக்கலாம், கார்டு கம்பெனி மென்பொருளிலும் ஒன்று இருக்கும். அப்புறம் இரண்டாவது திரையில் பிரவுசர் வீடியோ. விண்டோஸின் கேம் மோட் ஆனிலேயே இருக்கட்டும்.

கேம் பூஸ்டர், ரேம் கிளீனர், ரெஜிஸ்ட்ரி வித்தைகள் பக்கம் நான் போவதே இல்லை. கேம் பயன்படுத்திக்கொண்டிருக்கிற மெமரியை ரேம் கிளீனர் துடைத்து எறிந்தால், கேம் அதைத் திரும்ப எடுக்கும்போது புதிதாக ஒரு திக்கல் கிடைக்கும், அவ்வளவுதான். எம்.எஸ்.கான்ஃபிக்கில் ப்ராசஸர் எண்ணிக்கையை உச்சத்துக்கு மாற்றச் சொல்வதும் வீண். விண்டோஸ் எப்படியும் எல்லாக் கோர்களையும் பயன்படுத்துகிறது, அந்த இடம் குறைத்துச் சோதிப்பதற்காக வைத்தது. டாஸ்க் மேனேஜரில் கேமுக்கு 'ரியல்டைம்' கொடுத்தால் மவுஸும் சத்தமும் பட்டினி கிடக்கும்.

இவற்றில் பலன் உள்ளதாக ஒன்று உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் கீழே இருக்கும் மெமரி இன்டக்ரிட்டி. அதை அணைத்தால் சில கம்ப்யூட்டர்களில் கேம் வேகம் கூடலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது, ஆடி முடித்ததும் திரும்ப ஆன் செய்துவிடும்படியும் சொல்கிறது. கெட்ட மென்பொருள் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் நுழையாமல் தடுக்கிற காவல் அது. கேமுக்கென்றே தனியாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அணைத்துப் பார்க்கலாம். அக்கா மகன் அதையும் அணைத்துவிடலாமா என்று கேட்டான். விடவில்லை. அக்கா பேங்க் வேலை முழுக்க அந்த லேப்டாப்பில்தான் பார்க்கிறார், தவிர 72-இல் பூட்டிய கேமுக்கு அந்தக் கூடுதல் வேகத்தால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை.